இரண்டு கைக்குள் அடங்கும் நாய்

ஜான்ட்டி ரெல்ஃபுக்குப் பெரிய கை. நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லேட் குவாரியில் இருபத்தெட்டு வருஷம் பாளம் பிளந்த கை. தேநீர்க் கோப்பையை அவன் எடுத்தால் கோப்பை இருக்கிற இடம் தெரியாது, விரலிடுக்கில் ஆவி மட்டும் வரும். கடையில் விற்கிற கையுறை எதுவும் அவனுக்குப் பொருந்தாது. அவன் மனைவி எட்னாதான் தனியாகப் பின்னிக் கொடுப்பாள்.

நான் ஸ்வின்கில் பள்ளத்தாக்கின் தபால்காரன். லெஸ் என்று அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் 'போஸ்ட்டு'. என் வண்டி போகிற பாதையில் கடைசி வீடு ரெல்ஃப் வீடு. அதற்கு மேல் கல்லும் ஆடும் மழையும்தான். கடைசி வீட்டில் தேநீர் குடிக்காமல் திரும்புகிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அதனால் அந்த வீட்டுச் சங்கதி எல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் மலையில் நரிக்கு மண்வளை கிடையாது. உச்சியிலிருந்து பாறை உடைந்து சரிந்து, வீடு உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அந்தக் கற்களுக்கு நடுவே நரி புகுந்துவிட்டால் வேட்டை நாய்கள் வெளியே நின்று கத்த வேண்டியதுதான். உள்ளே போக டெரியர் வேண்டும். வளைநாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரி நுழைகிற இடமெல்லாம் அதுவும் நுழைய வேண்டுமென்றால் நெஞ்சு நரி அளவுக்குத்தான் இருக்கவேண்டும். அதற்கு எங்கள் ஆட்கள் டேப்பைத் தேடுவதில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் நாயின் நெஞ்சை இரண்டு கையாலும் சுற்றிப் பிடிப்பார்கள். மேலே கட்டைவிரலும் கீழே நடுவிரலும் தொட்டுக்கொண்டால் வேலைநாய். தொடாவிட்டால் வாசலில் கட்டிப்போட வேண்டியதுதான்.

ஜான்ட்டியிடம் முன்பு நெட்டில் என்று ஒரு பெட்டை இருந்தது. சின்ன உடம்பு, பெரிய வாய். நரியைக் கண்டுபிடித்தால் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு ஊரைக் கூட்டும். சத்தம் வருகிற இடத்தில் நாங்கள் கல்லை அகற்றுவோம். ஒரு வசந்தத்தில் காலைக் கஞ்சி நேரத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரு நரியை அப்படியே குரைத்து நிறுத்தியது. நரி ஓர் இடுக்கு வழியே நழுவி, மறுநாளே ஜான்ட்டியின் நாலு ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிட்டது. ஜான்ட்டிக்கு வந்ததே கோபம்.

"குரைச்சுக்கிட்டே இருந்தா நரி வெக்கப்பட்டு செத்துருமா?" என்று சமையலறை மேசையைக் குத்தினான். "உள்ள போனா முடிச்சிட்டு வரணும். அந்த மாதிரி நாய் வேணும் எனக்கு."

அடுத்த வாரமே கடற்கரை ஊருக்குப் போய், கப்பலில் மூட்டை இறக்குகிற ஒருத்தனிடமிருந்து புல் டெரியர் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். முன்காலத்தில் காளையோடு மோதவிட்ட இனம். நாங்கள் காளைநாய் என்போம். முட்டை வடிவத் தலை, பீப்பாய் நெஞ்சு. எட்னா வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"இதை எதுக்குக் கொண்டாந்த? வண்டி இழுக்கவா?"

"நெட்டிலுக்கு மாப்பிள்ளை."

"அடப்பாவி" என்றாள் எட்னா.

முதல் ஈற்றுக் குட்டிகள் பாறைக்குள் போகவில்லை, கோழிக்கூண்டுக்குள்தான் போயின. ஜான்ட்டி விடவில்லை. அவற்றில் சின்னதாகப் பார்த்து மறுபடி மலை டெரியரோடு சேர்த்தான். அதன் குட்டியை மறுபடி. மூன்றாவது சுற்றில் முடியும் காலும் டெரியர் மாதிரியே வந்துவிட்டன. தாடை மட்டும் மண்வெட்டி அகலத்துக்கு நின்றது. ஜான்ட்டி ஒவ்வொரு நாயையும் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டுவான். விரல்கள் தொட்டுக்கொள்ளும். "பாத்துக்க" என்பான். நாங்களும் பார்த்தோம்.

உள்ளதைச் சொல்லவேண்டும். அந்த நாய்களுக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே போனால் திரும்பிப் பார்க்காது, வலி உறைக்காது, கவ்வினால் விடாது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் 'ரெல்ஃப் நாய்' கேட்டு வந்தார்கள். ஆனால் அவை குரைக்காது. முழம் தள்ளி நிற்கிற புத்தியும் கிடையாது. மூஞ்சியை நேராகக் கொண்டுபோய் நரியின் பல்லுக்குள் கொடுக்கும். திரும்பி வந்தால் எட்னாவுக்கு வேலை. சமையலறை மேசையில் நாயைப் படுக்கவைத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, தடித்த நூலால் கிழிசலைத் தைப்பாள்.

"இந்த வீட்டுல சட்டைக்குத் தச்சதவிட நாய் மூஞ்சிக்குத் தச்சதுதான் அதிகம். வாயையும் கெடுத்துட்ட, புத்தியையும் கெடுத்துட்ட. நெஞ்சும் அகண்டுபோச்சு ஜான்ட்டி."

"நெஞ்செல்லாம் சரியாத்தான் இருக்கு. கையில பிடிச்சுக் காட்டலையா?"

"யாரு கையில?"

அவன் நாயின் காதைத் தடவத் தொடங்கினான். நானும் தேநீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது என் தப்பு.

அந்த நாய்களிலேயே சிறந்தது டர்க். ஆறு வயது, கறுப்பு, காது ஒன்று பாதிதான் மிச்சம். குட்டியில் தாய் ஒதுக்கிவிட்டதால் எட்னா புட்டிப்பால் கொடுத்து அடுப்புக் கதவோரம் வைத்து வளர்த்தாள். இந்த ரத்தத்தை எவ்வளவு திட்டுவாளோ அவ்வளவுக்கு டர்க் மேல் உயிரை வைத்திருந்தாள். ஜான்ட்டியோ வண்டியில் அதை முன் இருக்கையில்தான் உட்காரவைப்பான். எட்னா பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும். நான் கண்ணால் பார்த்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் குவாரியில் ஒரு பாளம் சரிந்து ஜான்ட்டியின் வலது கையில் விழுந்தது. எலும்பு மூன்று இடத்தில் முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு. ஆடு ஈனுகிற காலம் வந்தபோதும் கட்டு பிரிக்கவில்லை. அறுபது தாயாடும் எட்னா தலையில் விழுந்தன. பனியும் மழையும் மாறி மாறிப் பெய்ய, தோள்வரை கையை விட்டுக் குட்டி இழுத்துப் போடுவது, குளிரில் விறைத்ததை அடுப்படிக்குத் தூக்கி வருவது, செத்த குட்டியின் தோலை உரித்து அநாதைக் குட்டிக்குப் போர்த்தி வேறு தாயிடம் சேர்ப்பது, எல்லாம் அவள்தான். இந்தப் பாட்டுக்கு நடுவில் நரி வேறு வந்தது. முதல் வாரத்தில் ஒன்பது குட்டி போயிற்று.

ஏப்ரலில் ஒரு காலை வில்ஃப் மவுன்சி வந்தான். கணவாய்க்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறவன், எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவன், மரியாதை தெரிந்தவன். பத்து மாத ரெல்ஃப் நாய் ஒன்றை எடுத்துப்போக வந்திருந்தான். நானும் முற்றத்தில் இருந்தேன். அவன் வண்டியிலிருந்து பிப் என்கிற அவனுடைய பழைய ரகப் பெட்டை, எதையோ பார்த்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அந்தக் கழுதைய முதல்ல வாய மூடச் சொல்லுப்பா. காது போகுது" என்றான் ஜான்ட்டி.

"அது அப்படித்தான் ஜான்ட்டி. தூங்கும்போதுதான் மூடும். நீங்க நாயைப் பிடிச்சுக் காட்டுங்க, நான் கிளம்புறேன்."

ஜான்ட்டி மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "எங்க பிடிக்க? எட்னா! இங்க வா. இதை அளந்து காட்டு."

எட்னா ஆட்டுக்கொட்டிலிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாயைச் சுற்றிப் பிடித்தாள். நடுவிரல்களுக்கு இடையே மூன்று விரல் இடைவெளி.

"சேரல" என்றாள்.

"உனக்குப் பொம்பளைக் கை. வில்ஃப், நீ பிடிப்பா."

வில்ஃப் பிடித்தான். இரண்டு விரல் இடைவெளி. அவன் முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் சின்னக் கைதான் ஜான்ட்டி. எங்கப்பாவுக்கே அப்படித்தான்."

"போஸ்ட்டு, நீ."

நான் பிடித்தேன். சேரவில்லை. கடிதம் கொடுக்கிற கைக்கு இவ்வளவுதான் வரும் என்று ஏதோ உளறினேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், நாய் பெருத்திருக்கிறது என்று சொல்லத் தைரியமில்லாமல் எங்கள் கைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம்! ஒன்பது வருஷமாகப் பள்ளத்தாக்கு முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பிடித்துப் பார்த்து, விரல் சேராமல், ரெல்ஃப் தப்பாகச் சொல்லமாட்டான், நம் கைதான் குட்டை என்று ஒவ்வொருத்தனும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

எட்னா வில்ஃபின் வண்டிப் பின்பக்கம் போனாள். முந்தின நாள் அவன் சுட்ட கிடாநரி அங்கே கிடந்தது. அதைத் தூக்கி வந்து என் கையில் திணித்தாள்.

"பிடி போஸ்ட்டு."

பிடித்தேன். விரல்கள் தொட்டதோடு நிற்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன.

"இதுதான் நரி" என்றாள் எட்னா. "இதுக்குப் பின்னாடி போக வேண்டியதுதான் அது. என் கண்ணுக்குத் தெரியறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"செத்த நரி சுருங்கிப்போகும்" என்று சொல்லிவிட்டு ஜான்ட்டி வீட்டுக்குள் போய்விட்டான். வில்ஃப் நாயை எடுத்துக்கொள்ளாமலே போனான்.

மறுநாள் விடிந்தபோது புதுப்பனி கிடந்தது. மேல் வயலில் இன்னும் இரண்டு குட்டி இல்லை. கால்தடம் நேராக ஹாலின் குவியல் என்று நாங்கள் சொல்கிற பாறைச் சரிவுக்கு ஏறியது. நான் போனபோது ஜான்ட்டி இடது கையில் கோலும் பக்கத்தில் டர்க்குமாகக் கிளம்பி நின்றான். செய்தி கேட்டு வில்ஃபும் துப்பாக்கியோடு வந்திருந்தான். பிப்பும் வந்திருந்தது, சத்தத்தோடு.

"அளவு அளவுன்னியே, இப்பப் பாரு" என்று எட்னாவைப் பார்த்துச் சொன்னான் ஜான்ட்டி.

"டர்க்கை விடாத ஜான்ட்டி. பிப்பை விடு."

"அது உள்ள போய் நரிக்குக் கதை சொல்லும். பதினோரு குட்டி போச்சு எட்னா. இன்னைக்கு முடிச்சாகணும்."

தபால் பையை வண்டியில் பூட்டிவிட்டு நானும் ஏறினேன். மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போயிருக்கும். பரவாயில்லை.

டர்க் மோந்துகூடப் பார்க்கவில்லை. அவிழ்த்ததும் கல்லிடுக்கில் புகுந்தது. உள்ளே ஒருமுறை உருட்டுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கால் மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. நாங்கள் மூன்று பேரும் ஈரக்கல்லில் காதை வைத்துக் கிடந்தோம். காற்றுதான் கேட்டது. பழைய நாயாக இருந்தால் இந்நேரம் எங்கே இருக்கிறேன் என்று கத்தியே சொல்லியிருக்கும். இது இருக்கிறதா செத்ததா என்றே தெரியவில்லை.

"கீழ்ப் பக்கமாத்தான் போயிருக்கும்" என்றான் ஜான்ட்டி. கீழே கடப்பாரையை விட்டோம். ஒவ்வொரு கல்லும் ஆடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி கனம். வில்ஃப் நெம்ப, நான் முட்டுக்கொடுக்க, ஜான்ட்டி ஒற்றைக் கையால் தள்ளினான். பதினொரு மணி வரைக்கும் கல்லுக்குக் கீழே கல்தான் வந்தது. ஜான்ட்டி "டர்க், டர்க்" என்று இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு கட்டத்தில் கல்லில் உட்கார்ந்து இடது கையால் முகத்தை மூடிக்கொண்டான். முழு முகமும் மறைந்துபோயிற்று.

பன்னிரண்டுக்கு எட்னா ஏறி வந்தாள். கூடையில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட சூடான சட்டி, ரொட்டி, தாளில் சுற்றிய வெண்ணெய், தேநீர்க் குடுவை. எங்களைப் பார்த்தாள், வெட்டிய பள்ளத்தைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள்.

"வில்ஃப், பிப்பை அவிழ்த்து விடு."

வில்ஃப் ஜான்ட்டியைப் பார்த்தான்.

"அவன் முகத்தை ஏன் பாக்கற? நான் சொல்றேன்ல. அவிழு."

ஜான்ட்டி தலையைத் தூக்காமலே, "விடுப்பா" என்றான்.

பிப் நாலு இடுக்கை மோந்து பார்த்தது. நாங்கள் தோண்டின பக்கம் திரும்பவே இல்லை. மேல் பக்கம் ஓர் ஓட்டையில் தண்ணீர் மாதிரி இறங்கியது. சற்று நேரத்தில் எங்களுக்கு இருபது அடி இடப்பக்கம், மேலே, கல்லுக்குள்ளிருந்து அந்தக் கழுதைக் குரல் எழுந்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை.

அங்கே பாய்ந்தோம். சாப்பாடு ஆறிப்போனது. மூன்று கல், நாலாவது கல், ஐந்தாவதை அசைக்க நாலு பேரும் சேர வேண்டியிருந்தது. அது புரண்டதும் சாய்வான ஓர் இடுக்கு தெரிந்தது. பிப் வாலை ஆட்டிக்கொண்டு குரைக்கிறது. அதன் முன்னால் டர்க்கின் பின்னங்கால்கள். நெஞ்சு இரண்டு பாறைக்கு நடுவே ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. நரி அந்தச் சந்தைத் தாண்டி அந்தப் பக்கம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, நினைத்தபோதெல்லாம் டர்க்கின் மூஞ்சியைக் கடித்திருக்கிறது. மூன்று மணி நேரமாகக் கடி வாங்கியும் டர்க் வாயைத் திறக்கவில்லை. விலா மட்டும் லேசாக அசைந்தது.

"உசிரு இருக்கு!" என்று வில்ஃப் கத்தினான். பிப்பை இழுத்து என்னிடம் கொடுத்தான்.

மேலே இருந்த பாறையை அசைக்க வழியில்லை. அசைத்தால் நாய்மேல் இறங்கும். ஜான்ட்டி குப்புறப் படுத்து இடது கையை உள்ளே விட்டான். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான். புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நாய்க்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு சாண்.

"போகமாட்டேங்குது எட்னா. கை போகமாட்டேங்குது."

"நகரு."

எட்னா கோட்டைக் கழற்றினாள், சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினாள். வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் கை முழுக்கப் பூசினாள். இரண்டு வாரமாக இறுகின குட்டிகளைத் தாய் வயிற்றிலிருந்து இழுத்த கை. தோள் வரைக்கும் உள்ளே போயிற்று. கன்னத்தைக் கல்லில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, விரலாலேயே பார்த்தாள்.

"முன்னங்கால் ரெண்டும் நீட்டிக்கிட்டு இருக்கு. நெஞ்செலும்புதான் மாட்டியிருக்கு. இன்னும் வெண்ணெய் கொடு போஸ்ட்டு. முழுசும் கொடு, உன் ரொட்டிக்கு மிச்சம் பாக்காத."

வெண்ணெயை வழித்து வழித்து விலாவைச் சுற்றித் தடவினாள். "மூச்சை விடுடா, விடுடா என் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாய் மூச்சை வெளியே விடுகிற நேரம் பார்த்து உடம்பை ஒருக்களித்து, ஒரு திருகு. கொஞ்சம் வந்தது. மறுபடி மூச்சு, மறுபடி ஒரு திருகு. ஜான்ட்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். மூன்றாவது திருகில், ஈரமாக ஒரு சத்தம் கேட்டது. டர்க் அவள் கையோடு வெளியே வழுக்கி வந்து விழுந்தது.

விலா இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. மூஞ்சி மூஞ்சியாகவே இல்லை. மெல்ல எழுந்து நின்றது, எட்னாவின் கையில் இருந்த வெண்ணெயை நக்கியது, உடனே திரும்பி அதே ஓட்டைக்குள் தலையை விட்டது!

"அறிவு கெட்ட முண்டமே!" என்று ஜான்ட்டி அதை வாரி எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுதான். சிரிக்கவும் செய்தான்.

பிப் என் கையிலிருந்து துள்ளி அந்தச் சந்தில் உடம்பை உரசாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் குரைப்பு இன்னும் பலமாகக் கேட்டது. வில்ஃப் மேலே நின்ற ஒரு சில்லுக்கல்லைத் தள்ளினான். நரி அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பாய்ந்தது. ஒரே குண்டு. பதினோரு குட்டி தின்ற நரி பனியில் உருண்டது. எட்னா அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆறிய சட்டியைத் திறந்தாள்.

சாப்பிடும்போது ஜான்ட்டிதான் ஆரம்பித்தான்.

"ஒன்பது வருஷம். ஒருத்தனாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க கைதான் சின்னதுன்னு நெனச்சோம் ஜான்ட்டி" என்றான் வில்ஃப்.

"நான் சொன்னேன்" என்றாள் எட்னா.

ஜான்ட்டி கறித்துண்டை டர்க்குக்குப் பிய்த்துப் போட்டான். "ஆமா, நீ சொன்ன" என்றான்.

ஆகஸ்டில் ஸ்வின்கில் கண்காட்சி. வளைநாய்ப் போட்டிக்கு நடுவர் எப்போதும் ஜான்ட்டிதான். கட்டுப் பிரித்து கையும் சரியாகிவிட்டிருந்தது. கயிறு கட்டிய வட்டத்துக்குள் பதினேழு நாய். பாதிக்கு மேல் ரெல்ஃப் நாய். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவன் கையை எதிர்பார்த்து நாயை நீட்டினார்கள். ஜான்ட்டி இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எட்னா! இங்க வா."

எட்னா பலகாரக் கூடாரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏப்ரனோடு வந்தாள். கூட்டத்தில் யாரோ, "என்ன ஜான்ட்டி, வீட்டுக்காரம்மா கிட்ட உத்தரவு வாங்கறியா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

"ஆமாடா, வாங்கறேன்" என்றான் ஜான்ட்டி, வட்டத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற குரலில். "இனிமே இந்தப் பள்ளத்தாக்குல அளவு அவ கைதான். என் கையில பிடிச்சு வாங்கினவன் எல்லாம் நாயைக் காவலுக்குக் கட்டிக்கங்க. உங்க கையில கோளாறு இல்ல, என் கையிலதான். முதல்ல என்னுதை எடுத்துக்குவோம்."

குனிந்து டர்க்கைத் தூக்கினான். தழும்பாய் நிறைந்த அந்த மூஞ்சியை ஒருதரம் தடவிவிட்டு எட்னாவிடம் கொடுத்தான். எட்னா முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றிப் பிடித்தாள். மைதானமே எட்டிப் பார்த்தது. மூன்று விரல் இடைவெளி.

"சேரல" என்றாள்.

"வெளிய" என்றான் ஜான்ட்டி ரெல்ஃப்.

அவனே கயிற்றைத் தூக்கிப் பிடித்துத் தன் நாயை வெளியே விட்டான். டர்க் நேராகப் போய் எட்னாவின் தேநீர்க் கூடாரத்து வாசலில் படுத்துக்கொண்டது. மற்ற நாய்க்காரர்கள் தயங்கித் தயங்கி அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள்.